பாட்டி வைத்த வத்தக்குழம்பு

கேள்வி: என் மாமியார் போன வருடம் காலமானார். என் பிள்ளைகளுக்கு உயிரான பாட்டி. அவருடைய வத்தக்குழம்புப் பக்குவத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகள் அவரை மறக்காமலிருக்க என்ன செய்யலாம்?
– ஒரு மருமகள், மயிலாடுதுறை

பதில்: அந்த வத்தக்குழம்பையே வையுங்கள்; ஆனால் திவசத்தன்று வைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் அன்று மிளகாய்க்கு வாசலோடு விடை; மிளகுக்குத்தான் இலையில் இடம். அவர் பிறந்தநாளுக்கு வையுங்கள். சுண்டை வற்றலை நல்லெண்ணெயில் கருக வறுத்து, புளி சுண்டி எண்ணெய் மேலே மிதக்கும் நேரத்தில் பிள்ளைகளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "பாட்டி வாசனை வந்துடுச்சா?" என்று கேளுங்கள். 'இல்லை' என்றால் இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும். உங்கள் வீட்டில் அந்தத் தீர்ப்புக்கு மேல் கோர்ட் கிடையாது!

மீனாட்சி அம்மாளின் சமையல் புத்தகம் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்தது. பிறகு ஆங்கிலத்திலும் வந்தது. எழுதி வைத்தால் பாட்டியின் கைமணத்தை அடுத்த தலைமுறை காப்பாற்ற முடியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? பக்குவம் பிடிபட்டதும் ஒரு நோட்டில் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். கைப்பிடி, சிட்டிகை என்று பாட்டி பாணி அளவிலேயே இருக்கட்டும். கிராமுக்கு மாற்ற வேண்டாம்.