காவிரிப் படுகையில் தெர்மாகோல் இறக்கைத் திருத்தம்

ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானத்தின் இறக்கையைத் திருத்துவது வானியக்கவியலின் ஒரு கிளை என்பது பாடநூல்களின் கருத்து. தஞ்சைப் பகுதியைப் பொறுத்தவரை அது வேளாண்மையின் கிளை. பாடநூல்கள் ஓடுதளம் இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குகின்றன. திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் இடையே இருப்பவை வரப்பு, வாய்க்கால், தென்னை. எனவே இங்கு நடக்கும் திருத்தங்கள் யாவும் மெதுவாக வந்து முழுசாக இறங்குவதற்கே.

எவ்வளவு மெதுவாக வரலாம் என்பதை இறக்கைச் சுமை தீர்மானிக்கிறது. மொத்த எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தால் அது கிடைக்கும். தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் நிலைகொண்டுள்ள சுகோய்-30 போர் விமானத்தில் ஒரு சதுர மீட்டர் இறக்கை 400 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. 600 கிராம் எடையும் 0.2 சதுர மீட்டர் இறக்கையும் கொண்ட தெர்மாகோல் விமானத்தில் அது 3 கிலோ. இரண்டும் ஒரே மாவட்டத்தில் பறப்பதால் இந்த ஒப்பீடு ஆய்வு நெறிக்கு உட்பட்டதே. எடை கூடாமல் பரப்பை 21 விழுக்காடு கூட்டினால், விழாமல் பறக்கத் தேவையான வேகம் 9 விழுக்காடு குறையும். இந்தச் சொற்ப லாபத்துக்காக நுனியில் துண்டு ஒட்டி இறக்கையை நீட்டுவோர் ஒரு மரபினர். துண்டு பெரும்பாலும் மீன்பெட்டியிலிருந்து வருவது. அதன் வாடை பூனைகளிடம் ஏற்படுத்தும் விளைவு தனி ஆய்வுக்குரியது. ஃபெவிகுவிக் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். வெள்ளைப் பசை காயும்வரை பொறுக்காதவர்கள் செலோ டேப்பில் காரியத்தை முடிக்கிறார்கள். நீட்டிய இறக்கை நடுவில் ஒடியும் என்பதால் மூங்கில் சிம்பு செருக வேண்டும். அந்த எடை லாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இன்னொரு மரபினர் படி இறக்கைக்காரர்கள். அமெரிக்கர்களான ரிச்சர்ட் கிளைனும் ஃபிளாய்ட் ஃபோகிள்மனும் காகித விமானத்திலிருந்து வளர்த்தெடுத்து 1972-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. இறக்கையின் பாதி அகலத்துக்கு இன்னொரு தகட்டை ஒட்டினால் படி வந்துவிடும். பெரிய விமானங்களுக்கு அது உதவவில்லை. இறக்கையை வளைவாகச் செதுக்கத் தெரியாதவர்களுக்கு வரப்பிரசாதம்.

இறக்கைகளை நடுவில் மடக்கி நுனிகளைச் சற்றே உயர்த்துவதுதான் உள்ளபடியே பயனுள்ள திருத்தம். இப்படி உயர்த்திய விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போலத் தானே நிமிரும். பலன் ஒன்றானாலும் காரணம் வேறு. பொம்மையை நிமிர்த்துவது அடிக்கனம். விமானமோ சாயும்போது தாழ்ந்த பக்கமாக வழுக்குகிறது; அந்தப் பக்கத்து இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசை கிடைக்கிறது.

இத்தனையும் ஆடி மாதத்தில் செல்லாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அம்மியின் இறக்கைப் பரப்பு எங்கும் பதிவாகவில்லை. காற்று அடங்கும் நாளில் வயலில் தண்ணீர் நிற்கும். தெர்மாகோல் மிதக்கும், உள்ளே இருக்கும் செர்வோ மோட்டார் நனையும். தை, மாசியில் சம்பா அறுத்த வயல் காலியாகத் தெரிவது தோற்றம் மட்டுமே. அறுவடைக்குச் சில நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளித்திருப்பார்கள்; முளைத்த உளுந்தின்மீது விமானம் இறங்கினால் வயல்காரர் தெரிவிக்கும் கருத்துகள் அச்சுக்குரியவை அல்ல. விமானப்படைத் தளத்தை ஒட்டியும் 2021 ட்ரோன் விதிகளின்படி அனுமதியின்றி எதையும் பறக்கவிட முடியாது. பம்புசெட் வைத்துக் கோடை நடவு செய்யாத வயல்கள் சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும். அப்போது பறக்கவிடுவோர் பெரும்பாலும் இறக்கையைத் திருத்த வேண்டியதில்லை.