குலுக்கையில கொஞ்சம் கிடக்கட்டும்

வா பேராண்டி. அந்தக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டு உக்காரு. மூஞ்சியப் பாத்தா மெட்ராஸ்ல இருந்து பஸ்ல வந்தவனாத் தெரியல, நடந்தே வந்துருப்ப போல.

பொண்டாட்டி பேச மாட்டேங்காளாமே. போன்ல நீலக் கோடு ரெண்டு விழுந்துட்டாம், பதில் மட்டும் வரலையாம். அதுக்குன்னு ராத்திரி பூராத் தூங்காம வந்து ஏங்கிட்ட மொகத்தக் காட்டுத. அந்தப் புள்ள அங்க நிம்மதியாத் தூங்கியிருக்கும்.

காலைல என் போனுக்கு என்னமோ அனுப்பிருந்தியே, சூரியன் உதிக்கிற படம், கீழ 'நல்லதே நினை, நல்லதே நடக்கும்'னு எழுத்து. எனக்கா அனுப்புன, ஒனக்கே அனுப்பிக்கிட்டியா? நானும் நெனச்சுத்தான் பாத்தேன். பால்காரன் இன்னைக்குத் தண்ணி ஊத்த மாட்டான்னு அம்புட்டு நல்லதா நெனச்சேன். டீயைக் குடிச்சுப் பாரு, தெரியும்.

நீ பொறந்தது கரிசக்காட்டுல. இங்க ஆறு கிடையாது, வாய்க்கா கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையை நம்புன மானாவாரி. சரி, மழை விழட்டும், அப்புறம் விதைப்போம்னு இருந்தா, நனைஞ்ச கரிசல் காலைப் பிடிச்சுக்கிட்டு விடாது. டிராக்டரே உக்காந்துரும். அதனால புரட்டாசியிலயே, பொட்டு ஈரம் இல்லாத புழுதியில விதைச்சிருவோம். வானத்துல ஒரு மேகம் கிடையாது. கையில இருக்குற உளுந்தையும் கம்பையும் தூசிக்குள்ள எறிஞ்சிட்டு வாறவனை வெளியூர்க்காரன் பாத்தா கிறுக்கன்னுதான் சொல்லுவான். எறும்பு இழுத்தது போக, குருவி கொத்துனது போக மிச்சம் மண்ணுக்குள்ள கிடக்கும். சில வருசம் ஒரே ஒரு தூத்தல் விழும். விதை அதை மழைன்னு நம்பி மொளைக்கும். அடுத்து அடிக்கிற வெயில்ல கருகிப் போவும்.

அப்பம் சம்சாரி என்ன செய்வான்? டீக்கடையில உக்காந்து மழையை வைவான், கவர்மெண்டை வைவான், நேரம் இருந்தா மச்சினனையும் வைவான். பொறவு வீட்டுக்கு வந்து குலுக்கையத் தொறப்பான். உள்ள சாம்பலைக் கலந்து, வேப்பிலையப் போட்டு, இன்னொரு விதைப்புக்குத் தானியம் கிடக்கும். வீட்டுல உலை வைக்க வழி இல்லாத அன்னைக்குக் கூட அவன் பொண்டாட்டி அதுல கை வச்சிருக்க மாட்டா. 2018ல படைப்புழு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மக்காச்சோளத்தைக் குருத்தோட தின்னுட்டுப் போச்சு. தலையில கைய வச்சு அழுத பயதான் அடுத்த வருசமும் மக்காச்சோளம் போட்டான். நம்பிக்கைன்னு நான் பாத்தது அதைத்தான். சிரிச்ச மூஞ்சியா இருக்கணும்னு அதுக்கு ஒண்ணும் சட்டம் கிடையாது. வஞ்சுக்கிட்டே விதைக்கலாம்.

மழை வந்துட்டா எல்லாம் சரியாயிரும்னும் நெனச்சிராத. 2023 மார்கழி பொறக்கும்போது நம்ம மாவட்டத்துல ஊத்துச்சே! காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். வருசம் பூராவும் இங்க அம்புட்டு மழை கிடையாது. மழை வேணும் மழை வேணும்னு கும்பிட்டவன் எல்லாம் மொட்டை மாடியில ஏறி நின்னு போதும் சாமின்னு கும்பிட்டான். பொண்டாட்டி பேசலையேன்னு வருத்தப்படுதியே, அவ பேச ஆரம்பிச்சா எத்தன சென்டிமீட்டர் பெய்யும்னு யோசிச்சியா?

எனக்கும் ஒன் ஆச்சிக்கும் பேச்சு நிக்காத வருசமே கிடையாது. ஒரு தடவை அவ அண்ணன் மகன் கல்யாணத்துல மொய்யைக் கொறைச்சு எழுதிட்டேன்னு கோவம். எங்கிட்டப் பேச மாட்டா. வாசல்ல கட்டிக் கிடந்த கெடாட்டப் பேசுவா. "ஏ கெடா, அந்த மனுசங்கிட்டச் சொல்லு, கம்மஞ்சோறு கரைச்சிருக்கு, வெங்காயம் உரிச்சு வச்சிருக்கு, வேணும்னா வந்து குடிக்கட்டும்." நானும் விட்டுக் குடுப்பனா? "ஏ கெடா, மோர்ல உப்பு இல்லன்னு அந்த அம்மாட்டச் சொல்லு." அது பாவம், அவளையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கும். அம்புட்டுக் கோவத்துலயும் வெங்காயம் உரிச்சேதான் இருந்துச்சு பாத்துக்கோ. ஒங்க வீட்டுல கெடா இல்ல, போனுதான் இருக்கு. அது கோடு போடும், சோறு ஆறுதுன்னு சொல்லுமா?

பக்கத்துலதான் எட்டயபுரம். பாரதிக்கும் செல்லம்மாவுக்கும் 1897ல கல்யாணம். அவருக்கு 14 வயசு, அந்தம்மாவுக்கு 7. பின்னால குடும்பம் நடத்துற காலத்துல, வீட்டுல உலை வைக்கக் கடன் வாங்கி வச்சிருந்த அரிசியை எடுத்து மனுசன் குருவிக்கு எறைச்சுட்டாரு. ஊரே அவர் மனசைப் புகழுது. புகழட்டும், பெரிய மனசுதான். ஆனா அந்த அரிசிக்காக அடுத்த வீட்டு வாசல்ல போயி நின்னது யாரு காலு? அதை ஒருத்தனும் கேக்க மாட்டான். அந்தச் செல்லம்மாதான் பொறவு 'பாரதியார் சரித்திரம்'னு அவர் கதையை எழுதி வச்சாங்க. அரிசி போன கோவத்துல பேனாவத் தூக்கி எறிஞ்சிருந்தா என்னத்தைப் படிப்ப?

நீ என்ன செஞ்ச? அந்தப் புள்ள ஆபீஸ் விட்டு வந்து, குக்கரை வச்சு, ஒங்க அம்மைக்கு மாத்திரையப் பிச்சுக் குடுத்துட்டு, அப்பாடான்னு நின்னு ஒரு சலிப்புச் சொல்லுச்சாம். நீ சோபாவுல சாஞ்சுக்கிட்டு, "எல்லாத்தையும் பாசிட்டிவா எடுத்துக்கோ"ன்னியாம். அரிசியை எறைச்சவன் கை லேசு. கடன் வாங்கிட்டு வந்தவளுக்கு அப்பிடியா இருக்கும்?

ஏன் அப்பிடி முழிக்க? எனக்கு எப்பிடித் தெரியும்னா? அவ பேசாம இருக்கான்னு யாருலே சொன்னா? ஒங்கிட்டதான் பேசல. நேத்து ஆச்சிட்ட அரை மணி நேரம் பேசினா. ஒன் கதை பூரா வந்துட்டு. குறட்டை விடுதது வரைக்கும்.

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பு. போயி மன்னிப்பு, கண்ணீர்னு படம் காட்டாத, சந்தேகப்படுவா. நேரா அடுப்படிக்குப் போயி வெங்காயத்தை உரி. அவ கெடாட்டப் பேசினாலும் பதில் நீ சொல்லு. முத நாள் மொளைக்கலன்னா மறுநாளும் உரி, வெங்காயம் என்ன வெலையா இருந்தாலும்.

கோவில்பட்டியில பஸ் ஏறுதப்போ கடலைமிட்டாய் வாங்கிக்கோ. 2020ல அதுக்குப் புவிசார் குறியீடெல்லாம் குடுத்துட்டாங்க, கௌரவமான பண்டம். ரெண்டு பாக்கெட்டா வாங்கு. ஒண்ணு அந்தப் புள்ளைக்கு. இன்னொண்ணை நம்ம ஊர்க்காரன் எவனாவது பஸ் ஸ்டாண்டுல நிப்பான், அவங்கிட்டக் குடுத்தனுப்பு. எனக்குத் திங்கப் பல்லு கிடையாது. நான் வாங்குனதா ஆச்சிட்டச் சொல்லிக்கிடுதேன். நாலு நாளா எனக்கும் கெடா வழியாத்தான் சேதி வருது.