தெற்கு விட்டுப்போன பார்சல்

கேட்டது தெற்கு சூடான். வந்தது சூடான்.

போன செவ்வாய்க்கிழமை சேலம் சூரமங்கலத்தில் ஒரு வீட்டு வாசலில் நடந்த விபத்து இவ்வளவுதான். விபத்து என்று சொன்னால் அந்த வீட்டில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இருபத்தோரு நாள் காத்திருந்து, பார்சல் எந்த ஊர் தாண்டியது என்று தினம் மூன்று வேளை மாத்திரை மாதிரி போனில் பார்த்து, கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி, அட்டையைப் பிரித்தால், உள்ளே 2006ஆம் ஆண்டுச் சூடான் காசு. அது அச்சான வருடம் தெற்கு சூடான் என்றொரு நாடே கிடையாது. அந்த நாடு பிறந்தது 2011 ஜூலை 9. தன் பெயரில் காசு போட்டது 2015.

விற்றவருக்குப் போன் செய்தால், "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுதானே சார்" என்கிறார்.

நாமக்கல்லும் சேலமும்கூடப் பக்கத்துப் பக்கத்து மாவட்டம்தான். 1997க்கு முன்பு ஒரே மாவட்டமாகவே இருந்தவை. அதற்காக, நாமக்கல் ஆஞ்சநேயரைக் கும்பிட டிக்கெட் எடுத்தவரைச் சேலம் புது பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிட்டு, "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றால் விடுவாரா? சங்கத்தைக் கூட்டிவிட மாட்டாரா?

பாதிக்கப்பட்டவரை நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதுகிறவருக்கும் நம்மவருக்கும் கதவு எண் ஒன்று, கண்ணாடி பவர் ஒன்று, மனைவியும் ஒருவரே என்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. அவரிடம் ஏற்கெனவே நாலு சூடான் காசு இருக்கிறது. இது ஐந்தாவது.

ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள். நாட்டுக்கு ஒரு காசு, அதுவும் அந்த நாட்டில் கை மாறி, பை மாறி, அழுக்கேறிய காசு. இதுதான் நம்மவரின் கணக்கு. முதல் நூறு நாடுகள் ஒன்றரை வருடத்தில் சேர்ந்தன. அடுத்த எழுபத்தொன்றுக்கு ஒன்பது வருடம். பாக்கி இருபத்திரண்டு. இந்த இருபத்திரண்டு ஆறு வருடமாக இருபத்திரண்டாகவே இருக்கிறது. ஆல்பத்தைப் புரட்டும்போது காலிப் பைகள் மட்டும்தான் கண்ணில் படுகின்றன; பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போகிற மாதிரி.

கடைசிக் காசுகளைச் சுலபமாகப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன்னால், வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களைப் பற்றி இரண்டு வரி.

அவர்கள் பெட்டி திறக்கும் சடங்கு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கூடத்தில் பாய் விரித்தாகிவிடும். பூட்டின் நம்பர் மறந்துபோய், பிறகு ஞாபகம் வரும். முதலில் வெளியே வருவது பேரீச்சம்பழம், இரண்டு கிலோ. பிறகு பாதாம். டைகர் பாம் ஒரு டஜன். கோடாலித் தைலம், பெரிய பாட்டில் ஆறு, சின்ன பாட்டில் எண்ணில் அடங்கா. பாட்டிக்கு ஒரு டார்ச் லைட். பாட்டியிடம் போன தடவை வந்த டார்ச் லைட்டே இன்னும் உறையோடு பீரோவில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு சென்ட். சித்தப்பாவின் சம்பந்திக்கு, சற்று மட்டமான சென்ட். சோப்பு. சூரமங்கலம் மளிகைக் கடையில் கிடைக்கிற அதே சோப்புதான், ஆனால் அரபியில் எழுதியிருக்கும். சாக்லேட், மூன்று கிலோ, விமானத்தில் உருகி மறுபடி இறுகி ஒரே கட்டியாக. பக்கத்து வீட்டு நாய்க்கு ஒரு பெல்ட்டுகூட உண்டு. இத்தனையும் முடிந்து, பெட்டியின் அடித்துணி தெரிகிற நேரத்தில், மூலையில் உட்கார்ந்திருந்த நம்மவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"கண்ணு, அந்தூர்ச் சில்லறை ஏதாச்சும்..."

"அடடா, மறந்தே போச்சுங்க மாமா. ஏர்போர்ட்ல ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்துச்சு, தர்மத்துக்கு. இருந்ததெல்லாம் அதுல போட்டுட்டேன்."

தர்மம்! ஊரில் கோயில் உண்டியலில் பத்து ரூபாய் போடப் பர்ஸை மூன்று முறை திறந்து மூடுகிற பிள்ளை. எட்டு கிலோ தைலமும் சாக்லேட்டும் சுமந்தவனுக்கு நாலு கிராம் காசு பாரமாகிவிட்டது. உலகத்திலேயே சிறந்த நாணயச் சேகரிப்பு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை, அந்தக் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது என்பது நம்மவரின் கட்சி. சில இரவுகளில் அந்தப் பெட்டி கனவில் வருகிறது. மேலே இருக்கும் பிளவு வழியாக விரலை விட்டுத் துழாவுகிறார். காவலர் விசில் ஊதுகிறார். விழித்துக்கொள்கிறார்.

கொண்டுவந்து கொடுக்கும் புண்ணியவான்களும் உண்டு. குறை சொல்லக் கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலேசியாவின் 20 சென் நம்மவரிடம் நாற்பத்து மூன்று இருக்கிறது. கூஜா படம் போட்ட ஐக்கிய அரபு அமீரகத்து ஒரு திர்ஹம் ஒரு டம்ளர் நிறைய இருக்கிறது. யார் எந்தக் கண்டத்துக்குப் போனாலும் துபாயில் இறங்கி ஏறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கூஜா வந்துவிடுகிறது. வத்திக்கானுக்குப் போய் வந்த பெரியப்பா மகள் ஜெபமாலை கொண்டுவந்தாள். "காசு?" என்றால், "அங்கே எல்லாம் கார்டுதாங்கண்ணா."

நாமக்கல்லைப் பாருங்கள். அங்கிருந்து முட்டை ஓமனுக்குப் போகிறது, பஹ்ரைனுக்குப் போகிறது, மாலத்தீவுக்குப் போகிறது. 2022ல் உலகக் கால்பந்துப் போட்டி பார்க்கக் கத்தாருக்கு வந்த கூட்டத்துக்கு ஆம்லெட் போடவும் இந்த ஊர் முட்டை கப்பல் ஏறியது. ஓடு விரிசல் விடாமல் கடல் தாண்டும் அளவுக்கு முட்டைக்குச் சாமர்த்தியம் இருக்கிறது. பதிலுக்கு ஒரு காசு இந்தப் பக்கம் உருண்டு வர மாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் ஓமன்காரர்கள் தங்கள் சில்லறைக்கு வைத்திருக்கும் பெயர் பைசா. நம் பைசா. அதாவது பெயர் போயிருக்கிறது, முட்டை போயிருக்கிறது. பணம் வங்கி வழியாக வந்து பண்ணைக்காரர் கணக்கில் எண்ணாக விழுந்துவிடுகிறது. நம்மவருக்கு அந்த எண் எதற்கு?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைத்தான் அவர் கடைசியாக நம்பினார். இந்தியாவில் எந்த மாநிலத்தில் போர் போட்டாலும் பக்கத்தில் ஒரு திருச்செங்கோட்டுக்காரர் தலையில் துண்டு கட்டி நிற்பார். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அந்த வண்டிகள் போயிருக்கின்றன. ஆப்பிரிக்கப் பக்கங்கள் முக்கால்வாசி நிறைந்தது அந்தத் தொழிலாளர்களின் சட்டைப் பையிலிருந்துதான். ஆனால் இதில் ஓர் அடிப்படைக் கோளாறு இருப்பது பின்னால்தான் உறைத்தது. தண்ணீர் இல்லாத ஊருக்குத்தான் ரிக் போகும். பாக்கி இருக்கும் நாடுகளில் பாதி துவாலு, கிரிபாத்தி என்று சுற்றிலும் கடல். பசிபிக் பெருங்கடல் நடுவில் போய் ஆயிரம் அடி போர் போடச் சொல்லி யார் கூப்பிடப் போகிறார்கள்?

இரண்டு வரி என்று ஆரம்பித்தது. போகட்டும்.

நாடுகள் பக்கமும் தப்பு இருக்கிறது. பலாவ், மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா மூன்றும் அமெரிக்க டாலரில் குடியிருக்கும் வாடகைக்காரர்கள். நவுருவுக்கு ஆஸ்திரேலியக் காசு. லிக்டன்ஸ்டைன் சுவிஸ் பிராங்கை வைத்துக் காலம் தள்ளுகிறது. புழக்கத்துக்கென்று அது கடைசியாகச் சொந்தக் காசு அடித்தது 1924ல். பெலாரஸ் கதை இன்னும் விசேஷம். தனி நாடாகி இருபத்தைந்து வருடம் வெறும் நோட்டிலேயே ஓட்டினார்கள். நடுவில் 2009 என்று ஆண்டு பொறித்துக் காசுகளை அச்சடித்தும் வாங்கினார்கள். வாங்கி, பெண்ணின் சீர்ப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றுகிற மாதிரி ஏற்றிவிட்டு, 2016 ஜூலை 1 அன்றுதான் கீழே இறக்கினார்கள். அந்த ஏழு வருடமும் பெலாரஸ் பக்கம் காலியாக இருந்ததற்கு நம்மவர் தன் சோம்பேறித்தனத்தையே காரணமாக நினைத்து வருந்திக்கொண்டிருந்தார்.

உண்மையில் அவருக்கு எரிச்சல் வருவது நியுவே மாதிரித் தீவுகளிடம்தான். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத தீவு. நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தியில் முடிந்துவிடும். அங்கே அன்றாடம் புழங்குவது நியூசிலாந்து டாலர். ஆனால் நியுவே பெயரில் வெள்ளியில் ஸ்டார் வார்ஸ் காசு, மிக்கி மவுஸ் காசு என்று வந்துகொண்டே இருக்கின்றன. நியூசிலாந்தில் வடிவமைத்து, வெல்வெட் பெட்டியில் வைத்து, கிரெடிட் கார்டு உள்ளவர்களுக்கு விற்கிறார்கள். அதைக் கொடுத்து நியுவேயில் ஒரு தேங்காய்கூட எவரும் வாங்கியிருக்க மாட்டார்கள். தேங்காய் வாங்காத காசு என்ன காசு? அது பொம்மை. ஆல்பத்தில் அதை வைக்கவே மாட்டேன் என்று நம்மவர் சத்தியம் செய்திருக்கிறார். (விலையைப் பார்த்த பிறகு செய்த சத்தியம்தான்.)

ஒரு காலத்தில் வெளிநாட்டுக் காசு கேட்காமலே இங்கே வந்திருக்கிறது. சேலம் கோனேரிப்பட்டியில் 1987ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைப் பக்கம் 1898ல் ஒரே புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேலேயே உளி வெட்டு. மறுபடி புழக்கத்துக்குப் போகாமலிருக்க வெட்டினார்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். டிராக்கிங் நம்பர் இல்லை, இருபத்தோரு நாள் இல்லை. மிளகைக் கொடுத்தார்கள், ரோம் வந்தது. வடக்கு ரோம் கேட்டவனுக்குத் தெற்கு ரோம் வந்ததாகக் கல்வெட்டில் ஒரு புகாரும் காணோம்.

இப்போது நிலைமை தலைகீழ். கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலையில் நாணயத்துக்கான வட்டத் தகடு வெட்டுகிறார்கள். பாத்திரத் தகட்டையும் சேர்த்து அந்தப் பிரிவின் திறன் ஆண்டுக்கு 3,600 டன். நம் பையில் கிடக்கும் எவர்சில்வர் ரூபாய்களில் பல, முகம் இல்லாத குழந்தையாகச் சேலத்தில் பிறந்து, முகம் வாங்க வெளியூர் போனவை. மும்பையில் அடித்தால் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி, ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், நொய்டா என்றால் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. எங்கே முகம் வாங்கியது என்று எழுதியிருக்கிறது. எங்கே பிறந்தது என்று எந்தக் காசிலும் இல்லை.

இந்தக் குறிகளைப் பற்றி அக்கறை உள்ளவர்களுக்கு 2022 மார்ச் மறக்காது. சேலத்தில் ஓர் இளைஞர் மூன்று வருடம் சேர்த்த 2.6 லட்சம் ரூபாயை ஒற்றை ரூபாய்க் காசுகளாகவே கொட்டி ஒரு பைக் வாங்கினார். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம்; கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு டன். ஷோரூமில் பத்து மணி நேரம் எண்ணினார்கள். ஊரே கைதட்டியது. நம்மவர் அன்று இரவு சாப்பிடவில்லை. இரண்டு லட்சத்து அறுபதாயிரம் காசு, பத்து மணி நேரம், பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடிகூட இல்லை! எந்த வருடத்து நொய்டாப் புள்ளி அதற்குள் இருந்ததோ. இதில் சட்டமும் இடிக்கிறது: 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகளை ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் ஒருவர் வாங்கியே தீர வேண்டும். ஷோரூம்காரர் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டார்.

நம்மூர்க் கடைகளில் ஒரே ஒரு பத்து ரூபாய்க் காசு நீட்டினாலே என்ன ஆகும் என்பது வாசகருக்குத் தெரியும். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று விளக்கம் கொடுத்தது. டீக்கடை வரை அது இறங்கவில்லை. அதே சமயம், 2012ல் வந்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய் பத்து லட்சத்துக்குப் போகும் என்ற செய்தி மட்டும் எல்லார் போனுக்கும் இறங்கிவிட்டது. தன் பெயரில் பழைய காசு வாங்குவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தும், நம்மவருக்கு வாரம் ஒரு அழைப்பு வந்துவிடுகிறது. "அண்ணா, அம்மன் காசு ஒண்ணு கைவசம் இருக்குது. உங்களுக்குன்னா எட்டு லட்சத்துக்குக் குடுக்கறேனுங்க." இரண்டு லட்சம் தள்ளுபடி, உறவுக்காக.

விஷயத்துக்கு வருவோம். கடைசிக் காசுகளைப் பிடிக்கும் வழி. முதலில் தபால் தலைக்காரர்கள் யாராவது ஒருவரை... ஆனால் பார்சலைத் திருப்பி அனுப்ப நேற்றுதான் கடைசி நாள். ஐந்தாவது சூடானைப் பழையபடி அட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டு நம்மவர் கூரியர் ஆபீசுக்குப் போனார். கவுண்டரில் இருந்த பையன் எடை போட்டு, "அறுபதுங்க" என்றான். நம்மவர் ஆறு பத்து ரூபாய்க் காசுகளை அடுக்கி வைத்தார். பையன் அதைத் தொடக்கூட இல்லை.

"இது நம்மூர்ல ஓடாதுங்களே."

ரிசர்வ் வங்கி, பதினான்கு வடிவம், எல்லாம் விளக்கப்பட்டது. பையன் பொறுமையாகக் கேட்டான். பிறகு பார்சலைக் காட்டி, "உள்ளே என்னங்க?" என்றான்.

"பழைய காசு. வெளிநாடு."

பையன் முகம் மாறிவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்ததும் மேஜை டிராயரைத் திறந்து, திருநீற்றுக் காகிதம் மாதிரி மடித்திருந்த ஒன்றைப் பிரித்தான்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க. அம்மன் போட்ட அஞ்சு ரூவா. இது எவ்வளவுக்குப் போகும்?"

நம்மவர் போனை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த கட்டத்தை ஸ்கேன் செய்து அறுபது ரூபாய் கட்டினார்.