டெசிபல் அண்ணன்

ஜொகூர் பாருவில் தாமானுக்கு ஒரு டெசிபல் அண்ணன் உண்டு. ஸ்கூடாயில் ஒருவர், மாசாயில் ஒருவர், உலு திராமில் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கணினியைக் குளிர்விப்பதில் ஒருவர் காற்றுக் கூலர் கட்சி, மற்றவர் தண்ணீர்க் கூலர் கட்சி. எல்லாருக்கும் வயது நாற்பதை ஒட்டியிருக்கும். கைத்தொலைபேசியில் வங்கிச் செயலி இருக்கிறதோ இல்லையோ, சத்தம் அளக்கும் செயலி இருக்கும்.

எங்கள் தாமான் அண்ணன் வீட்டுக்குப் போனால், கோப்பி வருவதற்கு முன்பே கணினி அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடுவார்.

“கேக்குதா?”

“என்னண்ணே?”

“நல்லாக் கேளுங்க.”

“ஒண்ணும் கேக்கலையே.”

“அதான்!”

அறுநூறு வெள்ளிக்கு மேல் போட்டு வாங்கிய கூலர். கேட்காமல் இருப்பதைக் கேட்டுவிட்டு என்ன சொல்லி மெச்சுவது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. “பிரமாதம்ணே” என்று கொஞ்சம் உரக்கச் சொன்னால்கூட முகம் சுளிப்பார்.

இத்தனைக்கும் அவருக்கு வேலை செடெனாக் பக்கம் ஒரு டேட்டா சென்டரில். சிங்கப்பூர் 2019-இல் புதிய டேட்டா சென்டர்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. 2022-இல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. அதற்குள் கூட்டம் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்து, செம்பனை நின்ற நிலத்தில் ஜன்னல் இல்லாத கட்டடங்களாக எழும்பிவிட்டது. உள்ளே பல சர்வர்களில் நாற்பது மில்லிமீட்டர் குட்டிக் காத்தாடிகள், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் அலறும். காதை அடைத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். அந்த இரைச்சலில் நாளெல்லாம் நின்று சம்பளம் வாங்கிவரும் மனிதருக்கு, வீட்டில் மேசைக்கடியில் இருக்கும் ஒரே ஒரு பெட்டி மூச்சு விட்டால் பொறுக்காது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது கோர் ஐ9-14900கே சிப். முழு வேகத்தில் ஓடினால் 253 வாட் இழுக்கும் ராட்சசன். இதை வைத்து என்ன செய்கிறார் என்று கேட்கக்கூடாது. கேட்டால் “ரெண்டரிங்” என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை சொந்தக்காரர் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவதுதான் ரெண்டரிங். மற்ற நாளெல்லாம் அந்த ராட்சசன் செய்யும் வேலை, கூலர் விமர்சன வீடியோக்களை அண்ணனுக்குப் போட்டுக் காட்டுவது.

கூலர் தேர்ந்தெடுத்த வைபவத்தைச் சொல்ல வேண்டும். கடைக்குப் போனோம், வாங்கினோம் என்று முடிகிற காரியமில்லை. ஆஸ்திரியாவின் நொக்டுவா, ஜெர்மனியின் பி குவைட், தைவானின் தெர்மல்ரைட் என்று ஜாதகம் பார்த்தார். ஹாலிடே பிளாசா போனார், கோலாலம்பூர் லோ யாட் வரை பஸ் ஏறினார், சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் விலை மட்டும் விசாரித்து வந்தார். கடைசியில் நொக்டுவா. 2014-இல் வந்த என்எச்-டி15 பத்து வருஷம் அரசாண்டது. 2024-இல் அதன் வாரிசு ஜி2 வந்ததும் அண்ணன் வீட்டில் தீபாவளி. எட்டு வெப்பக் குழாய்கள், இரண்டு பெரிய காத்தாடிகள், மொத்த எடை ஒன்றரைக் கிலோ. தவிட்டு நிறமும் வெளிர் மஞ்சளும் கலந்த காத்தாடியைப் பார்த்த அண்ணி, “இதுக்கு வேற கலரே கிடைக்கலையா?” என்றார். பழைய மாடலுக்கு 2019-லேயே கறுப்புப் பதிப்பு வந்ததை அண்ணன் இதுவரை அண்ணியிடம் சொல்லவில்லை.

தண்ணீர்க் கூலர் ஏன் வேண்டாம் என்பதற்கு அவரிடம் அரை மணி நேரப் பிரசங்கம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. “அதுலயும் காத்தாடி இருக்கு, அதுக்கு மேல பம்பு வேற. பம்பு ஓயாம முனகும். என் குழாயிலயும் தண்ணிதான் இருக்கு, ஒரு துளி. சூட்டுல ஆவியாகித் தகட்டுப் பக்கம் போகும், அங்க ஆறித் தண்ணியாகித் தானா திரும்பி வரும். தள்ளிவிட ஆள் வேணாம்.” பெரிய காத்தாடி மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்றுத் தள்ளும், அதனால்தான் சத்தம் குறைவு என்பதையும் சொல்லுவார். சொல்லும்போது இரண்டு கையையும் சுற்றிக் காட்டுவார். சத்தமில்லாத காத்தாடியைப் பற்றி இவ்வளவு சத்தமாகப் பேச முடியுமா என்று எனக்குத் தோன்றும்.

சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பேஸ்ட் பூசுவது தனிச் சமயம். சிப்பின் நெற்றியில் நடுவே ஒரு பொட்டு வைப்போர், மூன்று பட்டை இழுப்போர், நாமம் சாத்துவோர் என்று இந்த உலகத்திலும் பிரிவுகள் உண்டு. கூலரை அழுத்தித் திருகினால் எல்லாம் ஒன்றாகப் பரவிவிடும் என்பது வேறு விஷயம். அண்ணன் பொட்டுக் கட்சி.

பூட்டும்போதுதான் தெரிந்தது, கூலரின் உயரம் 168 மில்லிமீட்டர், பழைய கேசிங்கில் இடம் 160. மூடி மூடவில்லை. சில வாரம் திறந்தபடியே ஓட்டினார். ஒரு ராத்திரி உள்ளேயிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம். கிராஃபிக் கார்டில் சுருள் முனகுகிறது என்று நோய் கண்டுபிடித்து, கார்டை மாற்றித் தரச் சொல்லி மின்னஞ்சலும் எழுதிவிட்டார். மறுநாள் அதே ‘கீச்’ கேட்டு எட்டிப்பார்த்த அவர் அம்மா, “பல்லி எந்தத் திசையிலேர்ந்துப்பா சொல்லுச்சு?” என்றாராம். புது கேசிங் வந்தது.

டெசிபல் கணக்கு சாதாரணக் கணக்கில்லை. ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு காத்தாடி சேர்ந்தால் மூன்று டெசிபல்தான் கூடும். நல்ல விஷயம்தான். ஆனால் இதைத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். 24-உம் 24-உம் எத்தனை என்ற கேள்விக்குப் பிள்ளை 27 என்று எழுதிவைக்க, ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினார். விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்த அண்ணனிடமிருந்து அண்ணி பேனாவைப் பிடுங்கியதோடு அந்த விவகாரம் முடிந்தது.

முடியாத விவகாரம் ஊர் வெயில். ஐரோப்பாவில் கூலரைச் சோதிக்கிறவர்கள் 21, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். பூமத்திய ரேகை ஜொகூர் பாருவுக்கு ஒன்றரைப் பாகைதான் தள்ளி இருக்கிறது; மத்தியானம் அறையே 32. எப்பேர்ப்பட்ட கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும், காத்தாடி விரட்டிக்கொண்டு ஓடும். ஆகவே அண்ணன் ஏர்கோனைப் போட்டார். காத்தாடி அடங்கியது. இப்போது ஏர்கோன் சத்தம், அதுவும் கூலரைவிடக் கூடுதல். அணைத்தார். காத்தாடி எழுந்தது. போட்டார். ஒரு சனிக்கிழமை முழுக்க ரிமோட்டும் கையுமாக இருந்தார். போதாக்குறைக்கு, கணினி கக்கும் சூட்டையும் அந்த 1 எச்பி ஏர்கோன்தான் வெளியே தள்ள வேண்டும்.

அத்தனையும் அடங்கி, 24.8 டெசிபல் என்று பெட்டியில் அச்சிட்டதை அளந்துவிடலாம் என்று கைத்தொலைபேசியை நீட்டிய நேரத்தில், தெருமுனையில் பழைய பேப்பர் லாரி திரும்பும். ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கி அலறும். பக்கத்து வீட்டில் ராகா வானொலி. எதிர்வீட்டுப் பையன் மோட்டாரை முறுக்குவான். இந்தத் தெருவில் 24 டெசிபல் என்பது ராத்திரி இரண்டு மணிக்குக்கூடக் கிடைக்காத பண்டம்.

என் கட்சி வேறு. நூறு வெள்ளி சொச்சத்துக்குக் கிடைக்கிற தெர்மல்ரைட்டைப் பூட்டி, பயாசுக்குள் போய் 253 வாட்டை 125-க்கு இறக்கிவிட்டால் போதும். காத்தாடி பாதி வேகத்துக்கு வந்தால் சத்தம் 15 டெசிபல் வரை விழும். அன்றாட வேலையில் வித்தியாசமே தெரியாது. இதை அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன்.

“அப்படி ஓட்டுறதுக்கு ஐ9 எதுக்குத் தம்பி?” என்றார் ஆத்திரத்தோடு.

“நானும் அதைத்தான் அன்னையிலேர்ந்து கேக்குறேன்” என்று அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

போன ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் தலை ஒருபக்கம் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். “ஃபிரிட்ஜு கம்ப்ரெசர் போகப்போகுது தம்பி. விட்டு விட்டு உறுமுது பாருங்க. அம்பது டெசிபலுக்குக் குறையாது.”

“அது ஃபிரிட்ஜு இல்லண்ணே, மாமா உள்ள தூங்குறாரு” என்றாள் என் மனைவி.

அண்ணன் அசரவில்லை. எழுந்துபோய் அறை வாசலில் நின்று, கைத்தொலைபேசியை நீட்டி அளந்துவிட்டு வந்தார்.

“காத்தோட்டம் தடைபடுதும்மா. ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க, ஆறு டெசிபல் குறையும்.”