மலையிலிருந்து நன்றி

கிராக்கோவ்,
நவம்பர், விடாத தூறல்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு சித்தி, பாட்டி, சிவப்புப் பசு எல்லோரும் நலமா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று கேட்பீர்கள். போனில் பேசினால் "அங்கே அரிசி கிடைக்குதா" என்பதைத் தாண்டி நீங்கள் வருவதில்லை. நான் சொல்ல வந்ததோ ஆங்கிலத்தைப் பற்றி ஒரு முறையீடு. முப்பது வருஷம் அம்பாசமுத்திரத்தில் ஆங்கில வாத்தியாராக இருந்தவரிடம் அதை எழுத்தில் வைப்பதுதான் முறை.

"இங்கிலீஷ் கையில இருக்கு, எந்த ஊருக்கும் போகலாம்" என்று முதுகில் தட்டி விமானம் ஏற்றினீர்கள். ஆபீஸ் வாசல் வரைக்கும் உங்கள் வாக்கு பலித்தது. என் வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் படித்த காலத்தில் பள்ளிகளில் ரஷ்ய மொழிதான் கட்டாயம். 1989இல் ஆட்சி மாறிய பிறகுதான் அது விலகி ஆங்கிலத்துக்கு இடம் விட்டது. ஆகவே எங்கள் இருவருக்கும் பொதுமொழி கையும் தலையும்.

அறையில் ஹீட்டர் வேலை செய்யுமா என்று முதல் நாள் சைகையில் கேட்டேன். "நொ" என்றார். மூன்று ராத்திரி இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டு, சித்தி கட்டிக்கொடுத்த ஜமுக்காளத்துக்குள் சுருண்டு கிடந்தேன். நாலாம் நாள் ஆபீஸில்தான் விளங்கியது: போலிஷ் வீட்டுப் பேச்சில் "நொ" என்றால் "ஆமா, ஆமா". இலக்கணமான ஆமாம் "தாக்". இல்லை என்பதற்கு "நியே". அந்த அம்மாள் தங்கையோடு போனில் அரைமணி நேரம் "நொ, நொ, நொ" என்று சொல்வதைச் சொத்துத் தகராறு என்று நினைத்திருந்தேன். உம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

அடுத்தது ஊறுகாய். கடையில் வெள்ளரிக்காய் ஊறுகாய் பாட்டிலைக் கையில் எடுத்து, கெடாமலிருக்க ரசாயனம் ஏதும் சேர்த்திருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த 'ப்ரிசர்வேட்டிவ்' என்ற சொல்லுக்குப் போலிஷ் வால் ஒட்டி, "இதில் ப்ரெஸெர்வாத்திவா இருக்கிறதா?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு இங்கே என்ன பொருள் என்று பெரியவருக்கு எழுதக் கூச்சமாயிருக்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து விளம்பரம் செய்வார்களே, அந்த இலாகா இலவசமாகக் கொடுக்கும் சரக்கு. ஊறுகாய் வாங்காமலே வந்துவிட்டேன்.

என் நிலைமையைப் பார்த்து வீட்டுக்கார அம்மாள் அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். இடப்பக்கம் ஆங்கிலச் சொற்களும் மரபுத்தொடர்களும், வலப்பக்கம் போலிஷ் அர்த்தம். அவருடைய மகன் படித்தது. 2004 மே மாதம் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டனும் அயர்லாந்தும் வேலைக்குக் கதவு திறந்தன, லட்சக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். அந்த மகனும் இந்தப் புத்தகத்தை உருப்போட்டுவிட்டு டப்ளின் போனவர்தான். அவர் உள்ளேயிருந்து வெளியே போன கதவு வழியாக நான் வெளியேயிருந்து உள்ளே நுழைகிறேன். புத்தகத்தை வலமிருந்து இடமாகப் படிக்கிறேன்.

படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. இடப்பக்கம் தலைசுற்றுகிறது, வலப்பக்கம் நம் திண்ணை போல இருக்கிறது. அற்ப விஷயத்தைப் பெரிதாக்குவதற்கு ஆங்கிலேயன், அகழெலி கிளறிப்போட்ட மண்ணை மலையாக்குகிறான் என்கிறான். போலிஷ்காரர் ஊசியை வைக்கோல் வாரும் கவையாக்குகிறார். நம் பாட்டி ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவாள். சுலபமான வேலை அவனுக்குக் கேக் துண்டு, இவர்களுக்கு "பூவ்கா ஸ் மாஸ்வெம்", அதாவது வெண்ணெய் தடவிய பன், நமக்கு அல்வா. எப்போதோ ஒருமுறை நடப்பதற்கு அவன் நீல நிலாவைப் பார்க்கிறான். இவர்கள் "ராஸ் நா ரூஸ்கி ரோக்", ரஷ்ய வருஷத்துக்கு ஒருமுறை என்பார்கள். நமக்கு அத்தி பூக்க வேண்டும். சாப்பாடு முடிந்தபின் வரும் கடுகு விழுது என்று இவர்கள் சொல்வது, நம் கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆகவே பென்சிலை எடுத்து ஓரத்தில் மூன்றாவது பத்தி ஒன்று ஆரம்பித்திருக்கிறேன், தமிழுக்கு.

மாடிக் குடித்தனத்தில் நள்ளிரவில் பாத்திரம் பறந்தபோது அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது: "நியே முய் த்ஸிர்க், நியே மொயே மாவ்பி." என் சர்க்கஸும் இல்லை, என் குரங்குகளும் இல்லை. மூன்றாவது பத்தியில் ராமன் ஆண்டாலென்ன, ராவணன் ஆண்டாலென்ன என்று எழுதினேன். எழுதிய பிறகு பார்த்தால் அதிலும் குரங்கு எங்கோ ஒளிந்திருக்கிறது. மறுநாள் நான் வாடகையையும் வானிலையையும் சேர்த்துக் குழப்பிப் பேசியபோது, "இஞ்சி பிஸ்கட்டுக்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். அந்தப் பிஸ்கட் தோருன் என்ற ஊரில் பேர்போனது. கோபர்நிகஸ் 1473இல் பிறந்த ஊர். நமக்கு இந்த இடத்தில் மொட்டைத் தலையும் முழங்காலும். முடிச்சு விழவில்லை, ஆனால் பொருந்தியது.

இலக்கணத்திலும் உறவு இருக்கிறது. போலிஷில் வேற்றுமை ஏழு, நமக்கு எட்டு. ஏழாவது எது தெரியுமா? விளி! எதிர்வீட்டுப் பிள்ளை தாயை "மாமா" என்கிறது, கூப்பிடும்போது "மாமோ!" தகப்பன் "தாத்தா", கூப்பிட்டால் "தாத்தோ!" தொல்காப்பியர் விளிமரபு எழுதியது வீண்போகவில்லை. உறவுமுறைதான் கொஞ்சம் இடம் மாறிவிட்டது.

ஆபீஸில் பக்கத்து மேஜைப் பெண் ஒருநாள் ஒரு கோப்பைக் கேட்டு அனுப்பிய ஆங்கில மெயிலை "மலையிலிருந்து நன்றி" என்று முடித்திருந்தாள். விடுமுறைக்குத் தாத்ரா மலைக்குப் போயிருக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தால், நாற்காலியிலேயே உட்கார்ந்து சிரிக்கிறாள். போலிஷில் "ஸ் கூரி" என்றால் மலையிலிருந்து என்றும் கொள்ளலாம், முன்கூட்டியே என்றும் கொள்ளலாம். முன்கூட்டியே நன்றி என்பதை வேண்டுமென்றே சொல்லுக்குச் சொல் பெயர்த்து விளையாடும் பழைய வேடிக்கை இது. நான் சும்மா இருப்பேனா? நம் தாலுகா ஆபீஸ் பாணியில் "டூ த நீட்ஃபுல்" என்று பதில் போட்டேன். அவள் அதைப் புத்தகத்தில் தேடினாள், அகராதியில் தேடினாள், கடைசியில் என்னிடமே வந்து கேட்டாள். ஆவன செய்யவும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் எம்.ஏ.யில் படித்து உருகிய ஜோசஃப் கான்ராட் போலிஷ்காரர் என்று வகுப்பில் சொன்னீர்கள். அவருடைய தகப்பனார் 1869இல் இந்த ஊரில்தான் காலமானார். ராகொவித்ஸ்கி மயானத்தில் கல்லறை இருக்கிறது. மகனுக்கு அப்போது பதினோரு வயது. இருபது வயதுக்கு மேல்தான் ஆங்கிலம் கற்றார். கடைசிவரை உச்சரிப்பில் போலிஷ் வாடை போகவில்லை. எழுத்தில் யாருக்கு அது தெரிந்தது? வானத்திலிருந்து நாயும் பூனையும் கொட்டுவதாக எழுதத் தவறியதற்கு எனக்கு விழுந்த பிரம்படியை அவருக்கு யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

1857இல் அவர் பிறந்தது பெர்திச்சூஃப் பக்கம், இப்போது அது உக்ரைனில் இருக்கிறது. "பெர்திச்சூஃபுக்குக் கடிதம் எழுது" என்றால் இங்கே, எழுதி என்ன, பதில் வராது என்று அர்த்தம். நீங்கள் என் கடிதத்தை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ஒரு உதவி வேண்டும். ஆள் அரவமற்ற கோடியை இவர்கள் "பிசாசு குட்நைட் சொல்லும் இடம்" என்கிறார்கள். மூன்றாவது பத்தியில் அதற்கெதிரே இன்னும் காலியாகவே இருக்கிறது. தக்க தமிழ் எழுதி அனுப்புங்கள். சித்தி பிறந்த ஊரின் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

மலையிலிருந்து நன்றி.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்