கொலைகாரன் யாரு, சீக்கிரம் சொல்லாதே!

என் கையில் ‘பொன்னியின் செல்வன்’, டிவியில் அத்தையின் சீரியல், கைப்பேசியில் வெப் சீரிஸ். இப்போதைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் மும்முனைப் போர். புத்தகம் படிக்கிறவன் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. அத்தை அதைச் சட்டை செய்வதே இல்லை.

சீரியலில் மருமகள் கையில் பால் தம்ளர். பாலில் என்னவோ கலந்திருக்கிறது. மாமியார் முகம், மாமனார் முகம், நாத்தனார் முகம், மறுபடியும் மாமியார் முகம். ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இடி. தம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் ‘தொடரும்’.

“திங்கக்கிழமை காய்ச்சின பால் அத்தை, இந்நேரம் திரிஞ்சிருக்கும்.”

“ஏன்டா, உன் கல்கி மட்டும் என்ன, ஆளைச் சுரங்கப்பாதைக்குள்ள இறக்கிவிட்டுட்டு அடுத்த வாரம் வான்னு சொல்லலையா?”

அத்தை வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் அல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த கதையைக் கிழித்தெடுத்து, மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்த வீட்டில் பிறந்தவர். பைண்டு போட்டவர் ஓரத்தை ஒட்ட வெட்டியதில் சில பக்கங்களில் வரிக்கு ஓர் எழுத்து போய்விட்டது. பாதிப் படத்தில் குந்தவைக்குக் கொண்டையே இல்லை. ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் வாங்கி அடுக்கிய நான்தான் பொறுமையைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்கப் பார்க்கிறேன்!

போதாக்குறைக்கு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகளின் பெயரையே சொல்கிறது. மூன்றரை வருஷம் எழுதியவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. எந்த சீரியல்காரனுக்கும் இந்த நெஞ்சழுத்தம் வராது.

பழிக்குப் பழியாக அத்தையை ‘சுழல்’ வெப் சீரிஸின் முதல் சீசனைப் பார்க்க வைத்தேன். 2022இல் வந்தது; மயானக் கொள்ளைத் திருவிழா, காணாமல் போன பெண், எட்டே எபிசோடு. இரவு உட்கார்ந்தவர்கள் விடியற்காலையில் எழுந்தோம்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி கேட்டதுக்குக் காலையிலேயே பதில் சொல்லிட்டா, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட நான் எதைப் பேசறது?”

நியாயம்தானே! 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’ சீரியல் ஓடியபோது, அதில் வரும் அப்பா சிதம்பரத்தின் ஐந்து பெண்களுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டது எங்கள் தெரு. எந்த மாப்பிள்ளையை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று குழாயடியில் தனி ஆலோசனைக் கூட்டமே நடக்கும். வெப் சீரிஸில் அந்தக் கூட்டத்துக்கு நேரம் எங்கே?

கடைசி அஸ்திரமாக ஜெயமோகனின் ‘வெண்முரசு’வை எடுத்தேன். “இது இலக்கியம் அத்தை. 2014இல் ஆரம்பிச்சு 2020இல் முடிச்சார். நாளுக்கு ஓர் அத்தியாயம், மொத்தம் 26 நாவல்.”

“தினமுமா? ஞாயித்துக்கிழமை?”

“ஞாயிறும்தான்.”

அத்தை ரிமோட்டைக் கீழே வைத்தார். “சீரியல்காரனே ஞாயித்துக்கிழமை லீவு விடறான்டா. என்ன கதை?”

“மகாபாரதம். உங்களுக்குத்தான் தெரியுமே.”

“தெரிஞ்சா என்ன? துரியோதனன் தொடையில அடி விழும்னு ஊருக்கே தெரியும். அதை எத்தனை நாள் இழுக்கறார்னு பார்க்கறதுக்குத்தான்டா கதை. எடு அந்த முதல் புஸ்தகத்தை!”