சாமியைப் பற்றிச் சண்டையில்லாமல் பேசுவது எப்படி?

ஆர்.கே.பேட்டையில் சாமியைப் பற்றி வாதம் செய்ய வேண்டுமென்றால் முதலில் கரன்ட் போக வேண்டும். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் ஆத்திகரா நாத்திகரா என்பதே காதில் விழாது. கரன்ட் போனதும் தறிக்காரர்கள் டீக்கடை பெஞ்சுக்கு வருவார்கள். அப்போது ஆரம்பியுங்கள். கரன்ட் வந்ததும், பாதி வாக்கியமானாலும், எழுந்துவிட வேண்டும். நடுவருக்குத் தனியாகச் செலவில்லை.

தலைப்புக்கும் அலைய வேண்டாம். ஒரு பக்கம் திருத்தணி முருகன், இன்னொரு பக்கம் சோளிங்கர் நரசிம்மர், வடக்கே ஏழுமலையான். “திருப்பதியில நிக்கிறது பெருமாளா, முருகனா?” என்று யாராவது எடுத்துக்கொடுத்தால் போதும். இந்தக் கேள்விக்கு வயது அதிகம். சங்கு சக்கரத்தையும் சிவச் சின்னங்களையும் சன்னதியில் வைத்து ராமானுஜர் கதவைச் சாத்தினார், காலையில் திறந்தால் மூர்த்தி சங்கு சக்கரத்தோடு நின்றார் என்கிறது வைணவ மரபு. இதைக் கேட்டதும் “சாவி யார் கையில இருந்துச்சு?” என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். யாராவது சாவியைக் கேட்ட நாளில் யாருக்கும் டீ சூடாகக் கிடைத்ததில்லை.

மொழி விஷயத்திலும் ஜாக்கிரதை. திருத்தணி வட்டாரம் 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழில் மரியாதையாகப் பேசிக்கொண்டே வந்து, வசவை மட்டும் தெலுங்கில் போட்டால் எதிராளிக்குப் புரியாது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இங்கே அது தமிழைவிட நன்றாகப் புரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி: வாதத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அருட்பா மருட்பா போரைப் பாருங்கள். 1867இல் வள்ளலார் என்கிற இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் ‘திருவருட்பா’ என்று பதிப்பித்தார். தேவார திருவாசகங்களுக்கு உரிய மரியாதையை நம் காலத்து மனிதர் ஒருவரின் பாட்டுக்குக் கொடுக்கலாமா என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் ஒரு கரன்ட் கட்டுக்குள் பேசி முடித்திருப்பார்கள். அவர்களுக்குக் கரன்டும் இல்லை, கட்டும் இல்லை. ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது. மறுப்புக்கு மறுப்பு வந்தது. 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போனது. இரு தரப்பும் சைவர்கள், ஒரே சிவன், ஒரே திருநீறு. யார் ஜெயித்தார் என்று வள்ளலார் அன்பரைக் கேட்டால் ஒரு கதை சொல்வார், நாவலர் அன்பரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள்.

வள்ளலார் 1874இல் சித்தியடைந்தார், நாவலர் 1879இல் மறைந்தார். சீடர்கள் விடுவார்களா? அடுத்த நூற்றாண்டிலும் கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கம், மறைமலையடிகள் மறுபக்கம் என்று நடந்தது. அருட்பாவுக்காக மேடையேறியவர்களில் செய்குத்தம்பிப் பாவலரும் ஒருவர். சைவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட சைவப் பாட்டை, ஒரு முஸ்லிம் புலவர் படித்துவிட்டு வந்து வாதாடினார். இந்த முழு விவகாரத்திலும் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். பெஞ்சில் இடம் கேட்பவரிடம் எந்த மதம் என்று கேட்பதைவிட, புஸ்தகத்தைப் படித்தாரா என்று கேட்கலாம். பெஞ்சு பாதி காலியாகிவிடும், அதுவும் நல்லதே.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. வள்ளலாருக்குச் சின்ன வயதில், சென்னை வீட்டுக் கண்ணாடியில் காட்சி கொடுத்தவர் நம்ம தணிகை முருகன் என்பார்கள். அந்த முருகனோ சூரனோடு போரிட்ட கோபம் தணிய இங்கே வந்து நின்றவர். அதனால்தான் கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில் அது கிடையாது, புஷ்பாஞ்சலிதான். ஆகவே தோற்றவரை மண்ணில் தள்ளிக் கொடி நாட்டும் வழக்கம் இந்த எல்லைக்குள் செல்லாது. ஆசை அடங்கவில்லையென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு டிக்கெட் எடுங்கள்.

கடைசியாக, எதிராளியின் கொள்கை உறுதியைச் சோதிக்க வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கொண்டு, “திருப்பதியில நிக்கிறதும் நம்ம முருகன்தான்” என்று பெஞ்சைத் தட்டிப் பேசியவர், புரட்டாசியில் கவுச்சியை விட்டு, நெற்றியில் நாமம் போட்டு, மொட்டைத் தலையோடு திருப்பதி பஸ்ஸிலிருந்து இறங்குவார். “இன்னா மாமா, கட்சி மாறிட்டியா?” என்று கேட்டுவிடாதீர்கள். லட்டு கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள்.